தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி? அணுவிலிருந்து தொடங்குவோம்

வேதியியலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்கிற வேலை, தனிம வரிசை அட்டவணையின் இடது மேல் மூலையில் ஆரம்பித்து ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம் என்று ஒப்பிக்கத் தொடங்குவதுதான். 20 வரைக்கும் எப்படியோ வண்டி ஓடிவிடும். அப்புறம் ஸ்காண்டியம், வனேடியம், நையோபியம் என்று பெயர்கள் வாயில் நுழையாமல் போக, அதோடு ஆர்வமும் போய்விடுகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. 118 கட்டங்கள் இருக்கிற அந்த அட்டவணையில் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகவும் குறைவு. எண்ணத் தெரிந்தால் போதும், பாதிக்கு மேல் தானாகவே விளங்கும்.

எண்ண வேண்டியது மூன்றுதான்: புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான். இந்த மூன்றில் எது என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் இருந்துவிட்டால் ஐசோடோப்பு, அயனி, அணு நிறை, தொகுதி, தொடர் என்று பயமுறுத்துகிற சொற்கள் எல்லாம் சாதாரணக் கூட்டல் கழித்தலாக மாறிவிடும். ஒரு தாள், ஒரு பென்சில், அணு எண்ணும் அணு நிறையும் அச்சிட்ட ஓர் அட்டவணை, இவை பக்கத்தில் இருக்கட்டும். கீழே இருக்கும் படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

படி 1: மூன்று துகள்களுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

அணுவின் நடுவில் அணுக்கரு. அதற்குள் நேர்மின்சுமை உள்ள புரோட்டான்களும், சுமையே இல்லாத நியூட்ரான்களும். வெளியே எதிர்மின்சுமை உள்ள எலக்ட்ரான்கள். புரோட்டானும் நியூட்ரானும் கிட்டத்தட்ட ஒரே நிறை (நியூட்ரான் ஒரு துளி அதிகம்). எலக்ட்ரான் புரோட்டானில் சுமார் 1836-இல் ஒரு பங்கு நிறைதான், ஆனால் மின்சுமையின் அளவு மட்டும் இரண்டுக்கும் சரிசமம். இதைக் கவனமாகப் பாருங்கள்: நிறை முழுவதும் நடுவில் குவிந்திருக்கிறது, இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதோ எலக்ட்ரான்கள். கார்பன் அணுவின் கருவை ஒரு சென்டிமீட்டர் கோலிக்குண்டு அளவுக்குப் பெரிதாக்கினால், அந்த அணுவின் வெளி எல்லை நூறு மீட்டருக்கும் அப்பால் போய்விடும். பாடப்படங்களில் கரு பெரிதாகவும் எலக்ட்ரான் பாதைகள் அதை ஒட்டியும் இருப்பது தாளில் இடம் போதாததால் வந்தது, அந்த அளவை நம்பிவிடாதீர்கள்.

இது வெறும் ஊகமாக வந்த படம் இல்லை. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தபின், நேர்மின்சுமை அணு முழுக்கப் பரவியிருக்கும் என்றுதான் நினைத்தார்கள். 1909-இல் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை (கதிரியக்கப் பொருள்களிலிருந்து வெளிவரும் நேர்மின்சுமை உள்ள துகள்கள்) செலுத்திப் பார்த்தபோது, பெரும்பாலானவை நேராகப் போய்விட்டன, மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பி அடித்தன. நிறையும் நேர்மின்சுமையும் ஒரு மிகச் சிறிய இடத்தில் குவிந்திருந்தால்தான் இப்படி நடக்கும் என்று ரூதர்ஃபோர்டு 1911-இல் முடிவுக்கு வந்தார். நியூட்ரான் பிடிபட 1932 வரை ஆயிற்று, அதைக் கண்டுபிடித்தவர் சாட்விக். சுமை இல்லாத துகளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இந்த இடைவெளியே சாட்சி.

சரி, வேலைப் பிரிவினை இதுதான். இதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

புரோட்டான் எண்ணிக்கை: அணு யார் என்பதை முடிவு செய்யும். இதற்குத்தான் அணு எண் என்று பெயர்.
எலக்ட்ரான் எண்ணிக்கை: மற்ற அணுக்களோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதை முடிவு செய்யும்.
நியூட்ரான் எண்ணிக்கை: எவ்வளவு கனம், கரு நிலைத்து நிற்குமா சிதையுமா என்பதில் பங்கெடுக்கும்.

11 புரோட்டான் இருந்தால் அது சோடியம். எலக்ட்ரான் ஒன்று போனாலும் சோடியம்தான், நியூட்ரான் இரண்டு கூடினாலும் சோடியம்தான். புரோட்டான் ஒன்று கூடினால் மட்டும் மக்னீசியம் ஆகிவிடும். புதியவர்கள் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு வரியை மறந்ததால் வருபவை என்பது என் எண்ணம்.

படி 2: எண்ணிப் பழகுங்கள்

புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் வருவது நிறை எண். எண்ணிக்கை என்பதால் இது எப்போதும் முழு எண்தான், பின்னம் வரவே வராது. அலுமினியம்-27 என்று எழுதியிருந்தால் 27 என்பது நிறை எண். அட்டவணையில் அலுமினியத்தின் அணு எண் 13. ஆக 27-இலிருந்து 13 போனால் 14 நியூட்ரான். மின்சுமை இல்லாத அணு என்றால் எலக்ட்ரானும் 13.

இப்போது அந்த அலுமினியம் மூன்று எலக்ட்ரான்களை இழந்து அயனி (மின்சுமை உள்ள அணு) ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோட்டான் 13, எலக்ட்ரான் 10, ஆக மொத்தச் சுமை நேர்மின் 3. எலக்ட்ரான் போனால் சுமை ஏன் "பிளஸ்" ஆகிறது என்று பலர் தடுமாறுவார்கள். போவது எதிர்மின்சுமை, அதனால் மிச்சமாக நிற்பது நேர்மின்சுமை. குளோரின் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் 17 புரோட்டான், 18 எலக்ட்ரான், எதிர்மின் 1. குறியீட்டில் எழுதும்போது நிறை எண் இடப்பக்கம் மேலே, அணு எண் இடப்பக்கம் கீழே, அயனியின் சுமை வலப்பக்கம் மேலே.

இதை ஒரு பத்துத் தனிமங்களுக்கு எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள். அவசரப்பட்டுத் தாண்டினால் அடுத்ததில் சிக்கிக்கொள்வீர்கள்.

படி 3: ஐசோடோப்பு, அதோடு வரும் பின்னம்

ஒரே தனிமம், ஒரே புரோட்டான் எண்ணிக்கை, ஆனால் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறு. அவ்வளவுதான் ஐசோடோப்பு. குளோரினில் 18 நியூட்ரான் உள்ள குளோரின்-35 ஒன்று, 20 நியூட்ரான் உள்ள குளோரின்-37 ஒன்று, இரண்டும் இயற்கையில் கலந்தே கிடைக்கின்றன. இரண்டுக்கும் 17 எலக்ட்ரான்கள்தான் என்பதால் வேதிவினைகளில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

இப்போது அட்டவணையைப் பாருங்கள். குளோரின் கட்டத்தில் 35.45 என்று இருக்கும். நிறை எண் முழு எண்ணாகத்தானே இருக்க வேண்டும், அப்படியானால் இந்த .45 எங்கிருந்து வந்தது? இங்கேதான் பலருக்கும் ஒரு முடிச்சு விழுகிறது, அதை இப்போதே அவிழ்த்துவிடுவோம். அட்டவணையில் போட்டிருப்பது எந்தத் தனி அணுவின் நிறையும் கிடையாது. இயற்கையில் கிடைக்கும் கலவையின் சராசரி அது.

கணக்கு போட்டே பார்க்கலாம். ஆயிரம் குளோரின் அணுக்களை அள்ளினால் சுமார் 758 அணுக்கள் குளோரின்-35, மீதி 242 குளோரின்-37. 758-ஐ 35-ஆல் பெருக்கினால் 26,530. 242-ஐ 37-ஆல் பெருக்கினால் 8,954. கூட்டினால் 35,484. ஆயிரத்தால் வகுத்தால் 35.484. அட்டவணை சொல்வதற்கு மிக அருகில் வந்துவிட்டோம், ஆனால் துல்லியமாக அதே எண் வரவில்லை. காரணம், குளோரின்-35 அணுவின் உண்மையான நிறை 34.969, குளோரின்-37 அணுவின் நிறை 36.966. இந்த எண்களைப் போட்டால் 35.45 வந்துவிடும். அது ஏன் முழு 35 ஆகவும் 37 ஆகவும் இல்லை என்றால், புரோட்டான்களும் நியூட்ரான்களும் கருவுக்குள் பிணையும்போது ஆற்றல் வெளியேறுகிறது, அந்த ஆற்றலுக்கு ஈடான நிறை குறைந்துவிடுகிறது. அளவுகோலாக நாம் வைத்திருப்பது கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதால், மற்ற அணுக்கள் எல்லாம் முழு எண்ணுக்குக் கொஞ்சம் இப்படியோ அப்படியோ விலகி நிற்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "அணு நிறையை முழு எண்ணாக்கி, அதிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான் எண்ணிக்கை" என்று ஒரு குறுக்குவழி எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. சோடியத்துக்கும் அலுமினியத்துக்கும் ஒத்து வரும், ஏனென்றால் அவற்றுக்கு இயற்கையில் ஒரே ஓர் ஐசோடோப்புதான். புரோமினுக்குப் போட்டுப் பாருங்கள். அணு நிறை 79.90, முழு எண்ணாக்கினால் 80, அணு எண் 35, ஆக 45 நியூட்ரான் என்று வரும். ஆனால் 45 நியூட்ரான் உள்ள புரோமின் இயற்கையில் கிடைப்பதில்லை! கிடைப்பவை 44 நியூட்ரான் உள்ள புரோமின்-79-உம், 46 நியூட்ரான் உள்ள புரோமின்-81-உம். இரண்டும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி இருப்பதால் சராசரி நடுவில் போய் விழுகிறது. ஆகவே குறிப்பிட்ட ஐசோடோப்பைச் சொல்லிக் கேட்டால் நிறை எண்ணை எடுங்கள். அட்டவணையில் உள்ள பின்ன எண்ணைக் கையில் இருக்கும் பொருளை எடை போடும் கணக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சராசரியைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். போரானுக்கு இரண்டே ஐசோடோப்புகள், 10, 11. அட்டவணை 10.81 என்கிறது. 11-க்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் ஐந்தில் நான்கு பங்கு போரான்-11 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று தாளைத் தொடாமலே சொல்லிவிடலாம். உண்மையில் அது சுமார் 80 சதவீதம். செம்பு 63.55, ஐசோடோப்புகள் 63, 65. எது அதிகம் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். (செம்பு-63, கிட்டத்தட்ட 69 சதவீதம்.)

ஐசோடோப்புகளைப் பிரித்துப் பார்க்கும் வித்தையைத் தொடங்கி வைத்தது நியான். தாம்சன் நியான் அயனிகளைக் காந்தப்புலத்திலும் மின்புலத்திலும் வளைத்தபோது ஒன்றுக்குப் பதில் இரண்டு கோடுகள் விழுந்தன, 20-இல் ஒன்று, 22-இல் மங்கலாக ஒன்று. கனமான அயனி குறைவாக வளையும், இலேசானது அதிகம் வளையும், அதனால் இரண்டும் பிரிந்துவிடும். பின்னால் ஆஸ்டன் 1919-இல் இதையே மிகத் துல்லியமான கருவியாக ஆக்கி, ஒவ்வொரு தனிமமாக எடுத்து ஐசோடோப்புகளைக் கண்டுபிடித்துக்கொண்டே போனார். இன்றைக்கு ஆய்வகங்களில் இருக்கும் நிறை நிறமாலைமானி அதன் வழியில் வந்ததுதான்.

படி 4: எந்தக் கரு நிலைக்கும், எது சிதையும்

புரோட்டான்கள் எல்லாமே நேர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அவற்றை ஒட்டி வைத்திருப்பது வலுவான அணுக்கரு விசை, ஆனால் அந்த விசை பக்கத்தில் இருப்பதோடு மட்டும்தான் பிடித்துக்கொள்ளும், தொலைவுக்கு எட்டாது. மின்விலக்கமோ கரு முழுவதும் எட்டும். அதனால் கரு பெரிதாக ஆக, தள்ளுமுள்ளில் சேராமல் ஒட்டுவதற்கு மட்டும் உதவும் நியூட்ரான்கள் அதிகம் தேவைப்படுகின்றன. கார்பன்-12 கருவில் 6-க்கு 6, கால்சியம்-40 கருவில் 20-க்கு 20. ஆனால் காரீயம்-208 கருவில் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான். காரீயத்துக்கு அப்பால் போனால் எத்தனை நியூட்ரான் சேர்த்தாலும் பயனில்லை, 83 முதல் 118 வரை எல்லாத் தனிமங்களும் கதிரியக்கம் உள்ளவை, அதாவது அவற்றின் கரு தானாகவே சிதையும். (83ஆவதான பிஸ்மத்தின் சிதைவு பிரபஞ்சத்தின் வயதைவிட மிக மிக மெதுவானது, அதனால் 2003 வரை யாருக்கும் பிடிபடவில்லை.) நடுவில் இரண்டு ஓட்டைகளும் உண்டு: 43 டெக்னீசியம், 61 புரோமித்தியம், இரண்டுக்கும் நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூடக் கிடையாது. எதிர்ப்பக்கம் வெள்ளீயம், நிலையான ஐசோடோப்புகள் மட்டுமே பத்து.

கார்பன்-14 ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். 6 புரோட்டான், 8 நியூட்ரான். நியூட்ரான் கொஞ்சம் கூடிப்போயிருக்கிறது. அதில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானையும் ஓர் எதிர்நியூட்ரினோவையும் (சுமை இல்லாத, மிக இலேசான துகள்) வெளியே அனுப்பிவிடுகிறது, இதற்குத்தான் பீட்டா சிதைவு என்று பெயர். இப்போது எண்ணுங்கள்: புரோட்டான் 7, நியூட்ரான் 7. நிறை எண் அதே 14, ஆனால் இது கார்பன் கிடையாது, நைட்ரஜன்-14. புரோட்டான் எண்ணிக்கை மாறியதால் தனிமமே மாறிவிட்டது. கார்பன்-14 அணுக்களில் பாதி இப்படி மாற ஆகும் காலம் சுமார் 5730 ஆண்டுகள், அதுதான் அரை ஆயுட்காலம். உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் புதிது வந்துகொண்டே இருக்கும், இறந்தபின் வரவு நின்று செலவு மட்டும் நடக்கும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் காலத்தைக் கணிக்கலாம். உயிருள்ள பொருளிலேயே ஒரு இலட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் கார்பன்-14 இருக்கிறது என்பதால், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. பாறைகளின் வயதுக்கும் டைனோசர் எலும்புகளுக்கும் இதைப் பயன்படுத்த முடியாததன் காரணம் இதுதான்.

"ஐசோடோப்புகள் வேதியியலில் ஒன்றுபோல நடக்கும்" என்பதன் பலனைப் பார்க்க வேண்டுமானால் மருத்துவத்துக்குப் போங்கள். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அயோடினை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரண அயோடின்-127 எது, கதிரியக்க அயோடின்-131 எது என்று அதற்குத் தெரியாது, எலக்ட்ரான் இரண்டிலும் 53தான். அதனால் சுமார் 8 நாள் அரை ஆயுட்காலம் கொண்ட அயோடின்-131-ஐக் கொடுத்துத் தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்ய முடிகிறது. அணு உலை விபத்து நேரத்தில் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: சாதாரண அயோடினால் சுரப்பியை முன்கூட்டியே நிரப்பிவிட்டால், கதிரியக்க அயோடின் உள்ளே நுழைய இடம் குறைந்துவிடும்.

விலக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், ஹைட்ரஜன். சாதாரண ஹைட்ரஜனில் நியூட்ரானே இல்லை, டியூட்டீரியத்தில் ஒன்று, டிரிட்டியத்தில் இரண்டு. ஒரு நியூட்ரான் சேர்ந்தால் நிறை இரட்டிப்பாகிவிடுவதால் இங்கே வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டியூட்டீரியத்தால் ஆன கன நீர் 3.8 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும்.

படி 5: எலக்ட்ரான்களை அடுக்குங்கள்

இனி வேதியியல். எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றி அடுக்கடுக்கான கூடுகளில் இருக்கின்றன. 1913-இல் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் இவற்றை வட்டப்பாதைகளாக வரைந்தார். இன்றைக்கு எலக்ட்ரானுக்கு அப்படி வரையறுத்த பாதை கிடையாது, இருக்கக்கூடிய இடங்களின் பரவல்தான் உண்டு என்று தெரியும், இருந்தாலும் எண்ணிப் பழகுவதற்கு வட்டப்படம் நல்ல தொடக்கம், கூச்சமே இல்லாமல் வரையுங்கள். கூட்டின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி இரட்டிப்பாக்கினால் அதன் கொள்ளளவு: 2, 8, 18, 32.

சோடியத்துக்கு 11: முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 1. கடைசியில் நிற்கும் அந்த ஒற்றை எலக்ட்ரான்தான் சோடியத்தின் குணத்தையே நிர்ணயிக்கிறது. கூடு என்பது தாளில் மட்டும் இருக்கும் கற்பனையா என்று சந்தேகம் வந்தால் அளந்த எண்களைப் பாருங்கள். ஒரு மோல் (அணுக்களை எண்ண வேதியியலார் வைத்திருக்கும் ஒரு பெரிய நிலையான எண்ணிக்கை) சோடியம் அணுக்களிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் போதும். இரண்டாவதைப் பிடுங்க 4562. ஒன்பது மடங்கு! அலுமினியத்துக்கு முதல் மூன்றும் 578, 1817, 2745 என்று படிப்படியாக ஏறும், நான்காவது ஒரேயடியாக 11,577-க்குத் தாவும். எந்த இடத்தில் தாவுகிறதோ அங்கே உள்கூட்டில் கை வைத்துவிட்டோம் என்று பொருள். அலுமினியம் ஏன் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

20 வரை 2, 8, 8, 2 என்று நிரப்பினால் சரியாக வரும். பொட்டாசியத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி: மூன்றாம் கூட்டில் 18 இடம் இருக்கும்போது 19ஆவது எலக்ட்ரான் ஏன் நான்காம் கூட்டுக்குப் போகிறது? ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எஸ், பி, டி, எஃப் என்று துணைக்கூடுகள் உண்டு, கொள்ளளவு முறையே 2, 6, 10, 14. பொட்டாசியத்தில் மூன்றாம் கூட்டின் டி துணைக்கூட்டைவிட நான்காம் கூட்டின் எஸ் துணைக்கூட்டுக்கு ஆற்றல் குறைவு, அதனால் எலக்ட்ரான் அங்கே போய் உட்காருகிறது. கால்சியம் தாண்டியபின் ஸ்காண்டியத்திலிருந்து டி துணைக்கூடு நிரம்ப ஆரம்பிக்கும். குரோமியம், செம்பு போன்ற சிலவற்றில் இந்த ஒழுங்கு கொஞ்சம் பிசகும், இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள்.

படி 6: இப்போது அட்டவணையை எடுங்கள்

மேலே உள்ள 2, 6, 10, 14 என்ற எண்களை மனதில் வைத்துக்கொண்டு அட்டவணையின் உருவத்தைப் பாருங்கள். இடப்பக்கம் 2 நிரல்கள், வலப்பக்கம் 6, நடுவில் 10, கீழே தனியாகத் தொங்கும் லாந்தனைடு, ஆக்டினைடு வரிசைகளில் 14 அகலம். அந்தக் கோணல்மாணலான வடிவம் அப்படியே எலக்ட்ரான்கள் நிரம்பும் வரிசைதான்! கீழே இரண்டு வரிசைகளைத் தனியாக எடுத்து வைத்திருப்பதற்குத் தாளின் அகலம் போதாததைத் தவிர வேறு காரணம் இல்லை. வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டிப் பாருங்கள், 118 வரும்.

கிடைவரிசைக்குத் தொடர் என்று பெயர், எத்தனை கூடுகள் என்று அது சொல்லும். செங்குத்து நிரலுக்குத் தொகுதி என்று பெயர், மொத்தம் 18. தொகுதி 1, 2-க்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் அதே எண், 13 முதல் 18 வரை பத்தைக் கழித்துவிடுங்கள். ஹீலியம் மட்டும் விலக்கு, 18ஆம் தொகுதியில் இருந்தாலும் அதற்கு மொத்தமே இரண்டுதான். ஒரே தொகுதியில் இருப்பவை ஒரே சாயலில் இருக்கும் என்பது இதிலிருந்து தானே வந்துவிடுகிறது: லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றுக்கும் வெளியே ஒன்று, மூன்றும் தண்ணீரோடு வினைபுரியும், கீழே போகப்போக வேகம் கூடும்.

அளவு பற்றிய விதியும் அப்படித்தான். கீழே இறங்கினால் கூடுகளின் எண்ணிக்கை ஏறுகிறது, அணு பெரிதாகும்: லித்தியத்தின் ஆரம் சுமார் 152 பிக்கோமீட்டர் (ஒரு மீட்டரை இலட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு), சோடியம் 186, பொட்டாசியம் 227. இடமிருந்து வலம் போனால் கூடு அதேதான், ஆனால் புரோட்டான் ஏறிக்கொண்டே போவதால் இழுப்பு அதிகமாகி அணு சுருங்கும், குளோரினுக்கு வரும்போது ஏறத்தாழ 99. எலக்ட்ரான் அதிகமானால் அணு பெரிதாகத்தானே ஆக வேண்டும் என்று தோன்றும், இழுப்பதும் சேர்ந்து கூடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

படி 7: வரிசை தப்பியது போல் தெரியும் இடங்களைத் தேடுங்கள்

அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அணு நிறையை மட்டும் பார்த்துக்கொண்டே விரலை நகர்த்துங்கள். ஏறிக்கொண்டே போகும். திடீரென்று ஆர்கான் 39.95, அடுத்து பொட்டாசியம் 39.10. இறங்கிவிட்டது! கோபால்ட் 58.93, நிக்கல் 58.69. டெலூரியம் 127.60, அயோடின் 126.90.

மெண்டலீவ் 1869-இல் அட்டவணையை வெளியிட்டபோது அன்றைக்குத் தெரிந்திருந்தவை 63 தனிமங்கள், புரோட்டான் என்ற பேச்சே இல்லை. அணு நிறையையும் குணங்களையும் வைத்துத்தான் அடுக்கினார். குணம் பொருந்தாத இடத்தில் காலியாக விட்டுவிட்டு, இங்கே வர வேண்டிய தனிமம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றார். அலுமினியத்துக்குக் கீழே வர வேண்டியதன் அடர்த்தி 5.9-க்குப் பக்கத்தில் இருக்கும் என்று கணித்திருந்தார். 1875-இல் புவாபோத்ரான் என்பவர் அந்த இடத்துக்குரிய காலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்து அடர்த்தி 4.7 என்று அறிவித்தபோது, அதைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காத மெண்டலீவ் அந்த அளவு தவறு, மாதிரியைச் சுத்தம் செய்து மறுபடி அளக்க வேண்டும் என்று எழுதினார். மறுபடி அளந்தபோது 5.9 வந்தது. அயோடினையும் அவர் டெலூரியத்துக்கு அடுத்து வைத்தார். குணத்தின்படி அது குளோரின், புரோமின் நிரலில்தான் உட்கார வேண்டும். டெலூரியத்தின் அணு நிறையைத் தப்பாக அளந்திருப்பார்கள் என்று அவர் நம்பினார். அளவு சரியாகத்தான் இருந்தது. வைத்த இடமும் சரியாகத்தான் இருந்தது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

பதில் 1913-இல் வந்தது. மோஸ்லி என்ற இளைஞர் ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்து, அதன் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே சீராகப் படியேறுவதைக் காட்டினார். அந்தப் படிகளின் எண் கருவின் மின்சுமை, அதாவது அணு எண். அதன்படி அடுக்கினால் கோபால்ட் 27, நிக்கல் 28, டெலூரியம் 52, அயோடின் 53, எந்தக் குழப்பமும் இல்லை. 43, 61, 75 ஆகிய இடங்களில் யாரும் இல்லை என்பதையும் அவரால் சொல்ல முடிந்தது. இரண்டு வருடத்தில், 27 வயதில், முதல் உலகப் போரில் அவர் இறந்துபோனார்.

நிறை ஏன் தலைகீழானது என்பதற்கு நீங்களே இப்போது பதில் சொல்லலாம், மூன்றாம் படியில் செய்ததுதான். அயோடினுக்கு இயற்கையில் 127 ஒன்றுதான். டெலூரியத்தில் கனமான 128, 130 ஆகிய இரண்டும் சேர்ந்தே பாதிக்கு மேல் இருப்பதால் சராசரி மேலே இழுபடுகிறது. ஆர்கானின் கதை இன்னும் அழகு. பூமியில் இருக்கும் ஆர்கானில் 99.6 சதவீதம் ஆர்கான்-40. இது எங்கிருந்து வந்தது? பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40-இன் ஒரு பகுதி, தன் எலக்ட்ரான் ஒன்றையே கருவுக்குள் இழுத்து, ஒரு புரோட்டானை நியூட்ரானாக மாற்றிக்கொள்கிறது. புரோட்டான் 19-இலிருந்து 18 ஆகிறது, நிறை எண் 40 அப்படியே இருக்கிறது: ஆர்கான்-40. சூரியனில் அதிகம் இருப்பது ஆர்கான்-36, அங்கே எடுத்த ஆர்கானை எடை போட்டால் பொட்டாசியத்தைவிட இலேசாகத்தான் இருக்கும். பூமியில் வரிசை தப்பித் தெரிவதற்குப் பொட்டாசியமே காரணம்!

படி 8: ஒரு கட்டத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள்

34ஆவது கட்டம், செலினியம், அணு நிறை 78.97. இதைப் பற்றி வேறு எதையும் தேடாமல் எவ்வளவு சொல்ல முடியும் என்று முதலில் நீங்களே எழுதுங்கள், அப்புறம் கீழே பாருங்கள்.

34 புரோட்டான், சுமை இல்லாவிட்டால் 34 எலக்ட்ரான். நான்காம் தொடர், ஆகவே நான்கு கூடுகள்: 2, 8, 18, 6. தொகுதி 16, வெளிக்கூட்டில் 6, எட்டாக இரண்டு குறைகிறது, ஆகவே இரண்டு எலக்ட்ரான்களை வாங்கி எதிர்மின் 2 அயனி ஆகலாம். மேலே இருப்பது கந்தகம், ஒரே சாயல், கந்தகம் இரண்டு ஹைட்ரஜனோடு சேர்வதுபோல இதுவும் சேரும். கந்தகத்தைவிடப் பெரிய அணு, பக்கத்தில் உள்ள புரோமினைவிடவும் கொஞ்சம் பெரியது. நியூட்ரான்? 79-இலிருந்து 34 போக 45 என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். இயற்கையில் கிடைக்கும் செலினியம் 74, 76, 77, 78, 80, 82 ஆகியவைதான், 79 அந்தப் பட்டியலில் இல்லை, அது கதிரியக்க ஐசோடோப்பு. அதிகம் இருப்பது செலினியம்-80, ஏறக்குறைய பாதி, அதில் 46 நியூட்ரான்.

அடுத்து 37, 53, 56 மூன்றையும் இதே மாதிரி எழுதுங்கள். 53-இல் ஐசோடோப்புக் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். 37-க்கு 85, 87 என்று இரண்டு உண்டு, அட்டவணையில் உள்ள 85.47-ஐ வைத்து எது எத்தனை பங்கு என்று கணக்கிடுங்கள். 85, 87 என்ற நிறை எண்களை வைத்துப் போட்டால் விடை 76.5-க்கு 23.5 என்ற அளவை ஒட்டி வரும் (அணுக்களின் உண்மையான நிறைகளைப் போட்டால் 72-க்கு 28); அப்படி வந்திருந்தால் வேதிப்பிணைப்புகளைப் படிக்க ஆரம்பிக்கலாம்; வராவிட்டால் மூன்றாம் படியில் குளோரினுக்குப் போட்ட கணக்கை ஒரு தரம் தாளில் செய்துவிட்டு வாருங்கள்.